சட்டமும் சாமானியரும்: காணி, குடும்பம், நட்டஈடு பற்றிய ஓர் அறிமுகம்

சட்டம் தெரியாதென்று சொல்வது நீதிமன்றத்திலே சாட்டாகாது. எழுத்தறிந்தோரும் அறியாதோரும், காணியுடையோரும் அக்காணியிற் கூலிக்குக் கொத்துவோரும், யாவரும் சட்டத்தை அறிந்தவர்களாகவே கொள்ளப்படுகின்றனர். இக்கொள்கையின்றி எந்தச் சட்ட ஒழுங்கும் இயங்க முடியாதென்பது உண்மையே. ஆயினும், அறிவதற்கான வாய்ப்புச் சமமாகப் பகிரப்படாத ஒரு சமூகத்தில், அறிந்திருக்க வேண்டிய கடமை மட்டும் சமமாகப் பகிரப்படும்போது நேர்வது யாது என்று வினவுதல் அவசியமாகின்றது. இவ்வினாவை முன்வைத்து, இலங்கைத் தமிழ் மக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் மூன்று துறைகளில் நடைமுறையிலுள்ள சட்டங்களின் அடிப்படைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். காணி, குடும்பம், உடற்காயத்துக்கான நட்டஈடு என்பன அம்மூன்று துறைகள்.

இலக்கிய மாணவராகிய நாம் இத்துறையிற் புகுவதற்கு நியாயம் கூற வேண்டியவராயுள்ளோம். தேசவழமையும் தோம்புகளும் ஓலையுறுதிகளும் எமது சமூக வரலாற்றுக்கு மூலாதாரங்கள். யாழ்ப்பாணத்து உறவுமுறையையும் சாதியமைப்பையும் அவற்றின் துணையின்றி விளங்கிக்கொள்ள முடியாது. எமது சிறுகதைகளும் நாவல்களும் சீதனம், ஈடு, வழக்கு, வேலையிழப்பு ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பேசுகின்றன. கதையிலே கண்ணீராகத் தோன்றுவது நடைமுறையிற் பெரும்பாலும் ஓர் ஆவணத்தின் கீழிட்ட கையொப்பமாகவோ, கடந்துபோன ஒரு தவணையாகவோ இருக்கக் காண்கிறோம். அக்கையொப்பத்தின் பொருளையும் அத்தவணையின் நீளத்தையும் முன்னரே அறிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்புகள் பல. எனினும், இக்கட்டுரை பொதுவிளக்கமே என்பதையும், தனியொருவரின் வழக்குக்குச் சட்டத்தரணியின் ஆலோசனை இன்றியமையாதது என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் தகும்.

1. காணியும் உறுதியும்

இன்றைய காணிச் சட்டத்தின் வேர்களை 1840ஆம் ஆண்டிலே காணலாம். அவ்வாண்டில் இரண்டு கட்டளைச்சட்டங்கள் இயற்றப்பட்டன. 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலங்கள், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவே என்று கொண்டது. 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் மோசடிகளைத் தடுக்குமுகமாக, நிலையான ஆதனத்தின் கைமாற்றம் யாவும் எழுத்தில் அமைதல் வேண்டுமெனவும், நொத்தாரிசு முன்னிலையிலே, ஒரே நேரத்திற் கூடியிருக்கும் இரு சாட்சிகளின் முன்னிலையிற் கையொப்பமிடப்படல் வேண்டுமெனவும் விதித்தது. முதலாவது சட்டம், காலங்காலமாகச் சேனைப்பயிர் செய்தும் மேய்ச்சலுக்கு விட்டும் வந்த நிலத்தைக் கடதாசி காட்ட முடியாத குடியானவனிடமிருந்து அகற்றிப் பெருந்தோட்ட மூலதனத்துக்கு வழிவிட்டது. இரண்டாவது, எஞ்சிய நிலத்தை ஐயமின்றி வாங்கவும் விற்கவும் ஈடுவைக்கவும் கூடிய பண்டமாக்கியது. நிலவுறவு வாய்ச்சொல்லிலிருந்து கடதாசிக்கு மாறிய இம்மாற்றமே இன்றுவரை காணிவழக்குகளின் அடிநாதமாக உள்ளது.

இதிலிருந்து பெறப்படும் முதல் விதி எளியது. காணி விற்பனை, நன்கொடை, ஈடு, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை ஆகியன பற்றிய வாய்மொழி உடன்பாட்டுக்குச் சட்டவலு இல்லை. முற்பணம் வாங்கியதற்கு முத்திரை ஒட்டிய துண்டெழுதிக் கையொப்பமிட்டாலும் காணி கைமாறிவிடுவதில்லை. "தம்பி, அந்தத் துண்டை நீதான் ஆளு" என்று தமையன் சொல்லி, இருபது ஆண்டுகள் தம்பி அதிலே கிணறு வெட்டி வாழை வைத்திருந்தாலும், உறுதி எழுதப்படாதவரை தமையனின் வாரிசுகள் வந்து கேட்கும் நிலை ஒழிவதில்லை.

இரண்டாவது விதி பதிவு பற்றியது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒரே காணிக்கு ஒரே உடைமையாளர் இரண்டு உறுதிகளை எழுதிக்கொடுத்து, முதல் உறுதி பதியப்படாதிருக்க, பெறுமதியான கைம்மாறுக்குப் பிந்தி எழுதப்பட்ட உறுதி முந்திப் பதியப்படுமாயின், மோசடியோ கூட்டுச்சதியோ காட்டப்பட்டாலன்றிப் பிந்தியதே முதன்மை பெறும். ஆகவே நொத்தாரிசின் மேசையில் அலுவல் முடிந்துவிடுவதில்லை. வாங்குவோர் வாங்குமுன் காணிப் பதிவகத்திலே அக்காணிக்குரிய பதிவேட்டுப் பக்கங்களைத் தேடிப்பார்த்தலும், வாங்கியபின் உறுதி பதியப்பட்டதை உறுதிசெய்தலும் வேண்டும். பதிவு உரித்தைப் படைப்பதில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. உரித்தில்லாதவர் எழுதிய உறுதி எத்தனை முறை பதியப்பட்டாலும் உரித்தாகாது.

மூன்றாவதாக நாம் சற்று விரிவாக நோக்க விரும்புவது, கடனுக்காக எழுதப்படும் அறுதியுறுதியாகும். யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கிலே ஒற்றி என்றொரு முறை இருந்தது. கடன் கொடுத்தவர் காணியின் ஆட்சியைப் பெற்று, வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்ததும் உடையவர் காணியை மீட்டுக்கொள்வார். ஈட்டுறுதியிலும் காணி கடனாளியுடையதாகவே இருக்கும். கடன் தீராவிடின் நீதிமன்றம் சென்றே அதனை விற்பிக்கலாம். இவ்விரண்டிலும் கடன் கடனாகவே தோற்றமளிக்கின்றது. இன்று பரவலாகக் காணப்படும் வழக்கமோ வேறானது. அவசரப் பணத்துக்கு அலையும் ஒருவரிடம் கடன் கொடுப்பவர் அறுதியுறுதியையே கேட்கிறார். "இது சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான், காசைத் தந்ததும் திருப்பி எழுதித் தருவேன்" என்ற வாக்கு வாயளவில் நிற்கின்றது. காகிதத்திலே கடனும் இல்லை, வட்டியும் இல்லை. முழுமையான விற்பனை மட்டுமே உண்டு.

பின்னர் பிணக்கு எழும்போது கடனாளி இருமடங்கு இடர்ப்பாட்டுக்குள்ளாகிறார். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திருப்பி எழுதித் தருவதாகச் சொன்ன வாய்ச்சொல் செல்லாது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 92ஆம் பிரிவு, எழுதப்பட்ட ஆவணத்தின் வாசகத்துக்கு மாறாக வாய்மொழிச் சான்று தருதலைப் பொதுவில் தடுக்கின்றது. மோசடியைத் தடுப்பதற்கென்று எழுந்த சட்டமே மோசடிக்குக் கவசமாகும் முரண்பாட்டை இங்கே காண்கிறோம். ஆயினும் வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப்பொறுப்புக் கட்டளைச்சட்டத்தின் 83ஆம் பிரிவு, சூழ்நிலைகளை நோக்குமிடத்து, உரிமையாளர் தம் பயனுரிமையைக் கொடுக்கும் எண்ணமின்றியே காணியைக் கைமாற்றினார் என்பது பெறப்படுமாயின், பெற்றவர் அதனை அவருக்காகவே வைத்திருப்பவராவர் எனக் கூறுகின்றது. உறுதியிற் காட்டப்பட்ட விலை காணியின் உண்மைப் பெறுமதியினும் மிகக் குறைந்ததா, விற்றவர் பின்னரும் அங்கேயே குடியிருந்தாரா, உறுதிச் செலவை விற்றவரே ஏற்றாரா, மாதந்தோறும் வட்டி கட்டினாரா என்பனவெல்லாம் அப்போது சான்றாகும். எனவே இவ்வாறான நிலைக்குள் தள்ளப்பட்டவர் வட்டி கட்டிய பற்றுச்சீட்டுகளையும் வங்கிப் பதிவுகளையும் கடிதங்களையும் பேணி வைத்தல் உயிர்நாடியாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடனுக்கு ஈட்டுறுதியன்றி அறுதியுறுதி எழுதாதிருத்தலே காப்பு.

நான்காவது காலம் பற்றிய விதி. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, பிறருடைய உரிமையை ஒப்புக்கொள்ளாது, அவ்வுரிமைக்கு எதிராகவும் இடையறாமலும் 10 ஆண்டுகள் காணியை ஆண்டவர் அதற்கு உரித்தாளியாகலாம். வெறுமனே இருந்துவிடுதல் போதாது. வாடகைக்கோ பார்த்துக்கொள்ளும்படியோ விடப்பட்டவர் உடையவரின் அனுமதியின் பேரில் இருப்பவராவர். கூட்டுச் சொந்தக்காரருள் ஒருவரது ஆட்சி ஏனையோர் அனைவருக்குமான ஆட்சியாகவே கொள்ளப்படும். அவர்களை வெளிப்படையாக விலக்கிய செயல் காட்டப்படல் வேண்டும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோரின் நிலங்களில் இவ்விதி கடுமையான அநீதிக்கு இடமளித்தது. ஊரை விட்டோடியவர் வழக்கிடுவது எங்ஙனம்? இதற்குப் பரிகாரமாக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காலவிதிப்பு சிறப்பு ஏற்பாடுகள் சட்டம், பயங்கரவாதக் குழுக்களின் செயல்களால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை வழக்கிட இயலாதிருந்தோருக்கு அக்காலத்தைக் கணக்கிலெடாது விட இடமளித்தது. எனினும் அச்சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்கிடுமாறு அதுவே எல்லை வகுத்தது. அகதி முகாமிலிருந்தும் அயல்நாட்டிலிருந்தும் அச்செய்தியை எத்தனை பேர் உரிய காலத்தில் அறிந்தனர் என்பது நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவோடு நேராகத் தொடர்புடையது.

உறுதியே இல்லாத நிலங்களைப் பற்றியும் ஒரு சொல். வன்னியிலும் கிழக்கிலும் குடியேற்றத் திட்டங்களில் வாழ்வோர் பலர் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் உத்தரவுப்பத்திரமோ அளிப்புப்பத்திரமோ பெற்றவர்கள். இந்நிலங்கள் சாதாரண உறுதியாற் கைமாறுவனவல்ல. பின்னுரித்தாளியைப் பெயர்குறித்துப் பதிதல் இங்கே உயிலினும் முக்கியமானது. பெயர்குறிக்காது இறந்தால் உறவினருள் ஆணுக்கே முதலிடம் என்றிருந்த அட்டவணை பல பெண்களை நிலமற்றோராக்கியது. 2022இல் நிறைவேறிய திருத்தத்தின் பின்னரே அப்பாகுபாடு அகற்றப்பட்டது. மலையகத்து லயத்திலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோரிடம் உத்தரவுப்பத்திரந்தானும் இருக்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்' எனப் பெயரிட்டது சட்டப்பொருளிலும் சரியானதே.

2. குடும்பமும் சீதனமும்

குடும்பச் சட்டத்திற்கு வரும்போது, இலங்கைத் தமிழர் அனைவரையும் ஒரே சட்டம் ஆள்வதில்லை என்பதே முதலில் அறியவேண்டியது. மலையகத் தமிழரும் கிழக்கிலங்கைத் தமிழரும் ஆதன விடயத்திற் பொதுச்சட்டத்துக்கு உட்பட்டவர். மட்டக்களப்பில் வழங்கிய, தாய்வழிப்பட்ட முக்குவர் சட்டம் 19ஆம் நூற்றாண்டிலேயே வழக்கொழிந்தது. வடமாகாணத்தை நிலையான வதிவிடமாகக் கொண்ட தமிழரைத் தேசவழமை ஆள்கின்றது.

தேசவழமை 1706ஆம் ஆண்டில் ஒல்லாந்த ஆளுநர் சைமன்சின் ஆணைப்படி, யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்சினாற் தொகுக்கப்பட்டு, 12 முதலிமாராற் சரிபார்க்கப்பட்டு, 1707இல் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்கு முழுவலு அளித்தனர். இதனைத் தமிழரின் தொன்மையான வழமையின் தூய வடிவமெனப் போற்றுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். காணி, சீதனம், கடன், கால்நடை பற்றிப் பேசும் அதே தொகுப்பு அடிமைகளைப் பற்றியும் அவர்களின் வகைகளைப் பற்றியும் பேசுகின்றது. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அப்பகுதியும் உயிருடனிருந்தது. உடையோர் தம்முள் உடைமையை எவ்வாறு பங்கிட்டனர் என்பதன் பதிவே அது. அதனை எழுதுவித்தோரும் சரிபார்த்தோரும் உடைமை வகுப்பினரே.

பழைய தேசவழமை ஆதனத்தை மூவகைப்படுத்தியது. தந்தைவழி வந்த முதுசொம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. கணவனும் மனைவியும் மணவாழ்வில் ஈட்டியது தேடியதேட்டம். சீதனம் பெற்ற பெண் பெற்றோரின் எஞ்சிய ஆதனத்தில் உரிமை கோர முடியாது. அவ்வகையிற் சீதனம் அன்று பெண்ணின் பங்கு. மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் விலையன்று. பணப்பொருளாதாரமும் உத்தியோக வாழ்வும் பரவியபோது அது மணமகனின் சந்தை விலையாக மாறியது. பெயர் மாறவில்லை; உள்ளடக்கம் மாறியது.

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டமும், 1947இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் இன்றைய நிலையை வகுக்கின்றன. மனைவியின் ஆதனம் மனைவியுடையதே. கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது. ஒருவர் இறப்பின், அவருக்குரியதாயிருந்து, உயிலாலோ வேறுவகையாலோ கைமாற்றப்படாத தேடியதேட்டத்திற் பாதி வாழ்க்கைத்துணைக்கும் மறுபாதி இறந்தவரின் வாரிசுகளுக்கும் சேரும். இவை பயனுள்ள விதிகளே. ஆனால் அக்கட்டளைச்சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, மணமான பெண் தன் நிலையான ஆதனத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. சீதனக் காணி அவளுடையது. விற்கும் கையொப்பத்துக்கு மட்டும் அவன் துணை வேண்டும். கணவனுக்கு அவ்வாறான கட்டுப்பாடு இல்லை.

பொதுச்சட்டத்தின் கீழுள்ள பெண்ணுக்கு 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச்சட்டம் முழு உரிமை அளித்துவிட்டது. ஆகவே மட்டக்களப்பிலோ ஹற்றனிலோ வாழும் தமிழ்ப்பெண் தன் காணியைத் தன் கையொப்பத்தால் விற்கலாம். பருத்தித்துறைப் பெண் விற்க முடியாது. சட்டம் கணவனைப் பின்தொடர்வதும் நோக்கத்தக்கது. தேசவழமைக்குட்படாத பெண் அதற்குட்பட்ட ஆணை மணந்தால் மணவாழ்வுக்காலத்தில் அவளும் அதற்குட்படுகிறாள். உட்பட்டவள் உட்படாதவனை மணந்தால் அதிலிருந்து விலகுகிறாள். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தைப் பேசினும், 16ஆம் உறுப்புரை அதற்கு முன்னிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்படினும் செல்லும் என்று கூறிவிடுகின்றது. வேற்றுமை நீடிப்பதன் சட்டக்காரணம் இதுவே.

இவ்விதியின் முழுச்சுமை போருக்குப் பின்னரே வெளிப்பட்டது. கணவன் காணாமலாக்கப்பட்ட பெண்ணொருத்தியை எண்ணிப் பார்ப்போம். மகளின் படிப்புக்கோ தாயின் சிகிச்சைக்கோ சீதனக் காணியில் ஒரு துண்டை விற்க வேண்டும். நொத்தாரிசு கணவனின் கையொப்பத்தைக் கேட்கிறார். மரணச் சான்றிதழ் எடுத்தால் விதவையாகக் கையொப்பமிடலாம். ஆனால் தேடிக்கொண்டிருக்கும் ஒருவனை இறந்தவன் என்று அவள் எழுதிக்கொடுக்க வேண்டும். பலர் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். அவர்கள் அறிந்திருக்க வேண்டியது அதே கட்டளைச்சட்டத்தின் 8ஆம் பிரிவு. கணவன் கைவிட்டுச் சென்றிருந்தால், இருவரும் உடன்பாட்டின் பேரிற் பிரிந்திருந்தால், அவன் 2 ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தால், சித்தசுவாதீனமற்றிருந்தால், இருப்பிடம் தெரியாதிருந்தால், நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தால், அன்றி மனைவி மக்களின் நலன் வேண்டினால், சம்மதமின்றியே கைமாற்ற மாவட்ட நீதிமன்றம் அனுமதியளிக்கலாம். கணவனை இறந்தவனாக்காமலே அவள் தன் காணியை விற்க வழியுண்டு. மேலும், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமை பற்றிய சான்றிதழைப் பெறவும் வழிவகுத்தது. மரணத்தை ஒப்புக்கொள்ளாது பல அலுவல்களை அதனைக்கொண்டு நடத்தலாம். 8ஆம் பிரிவு இருப்பதனால் 6ஆம் பிரிவு நியாயமாகிவிடாது. தனது உடைமையை விற்க நீதிபதியிடம் அனுமதி கேட்டு நிற்றல், அதற்கான செலவு, அலைச்சல் ஆகியன அவளுக்கு மட்டுமே உரியனவாயிருக்கின்றன. 6ஆம் பிரிவு நீக்கப்படல் வேண்டுமென்பதே எமது நிலைப்பாடு. அது நீங்கும்வரை 8ஆம் பிரிவை அறிந்திருத்தல் வேண்டும்.

தேசவழமை தொடர்பான இன்னொரு கூறு முற்கொள்வனவு உரிமை. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அவ்வுரிமையைக் கூட்டுச் சொந்தக்காரருக்கும், விற்பவர் உயிலின்றி இறப்பின் வாரிசாகக் கூடியோருக்கும் வரையறுத்தது. அயற்காணிக்காரருக்கு முன்னிருந்த உரிமை நீங்கியது. இன்றும் வடமாகாணத்தில் பங்குக் காணியை வாங்குவோர் ஏனைய பங்காளிகளுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்று பார்க்காது வாங்கின், பின்னர் வழக்கை எதிர்நோக்க நேரிடலாம்.

மணமுறிவும் பிள்ளைகளின் பராமரிப்பும் வடக்கு, கிழக்கு, மலையகம் யாவற்றுக்கும் பொதுவான சட்டங்களின் கீழ் வருவன. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம் விவாகரத்துக்கு மூன்று காரணங்களையே ஏற்கின்றது: பிறர்மனை சேர்தல், வன்மத்துடன் கைவிடல், மணஞ்செய்த போதே இருந்த தீராத ஆண்மையின்மை போன்ற இயலாமை. இருவரும் உடன்பட்டால் மட்டும் போதாது. ஒருவரின் குற்றம் காட்டப்பட வேண்டும். ஆனால் சோற்றுக்கு விவாகரத்துவரை காத்திருக்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், தன்னைப் பேண இயலாத வாழ்க்கைத்துணை, மணத்துட் பிறந்ததாயினும் மணத்துக்குப் புறம்பே பிறந்ததாயினும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை, தேவையுள்ள 25 வயது வரையான பிள்ளை, இயலாமையுடைய பிள்ளை ஆகியோருக்காக நீதவான் நீதிமன்றத்திலே விண்ணப்பிக்கலாம். கட்டளையை மீறுபவரின் சம்பளத்திலிருந்து அறவிடவும் அவரைச் சிறைக்கனுப்பவும் நீதவானுக்கு அதிகாரமுண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கட்டளையும் அதே நீதிமன்றத்திற் கோரலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். "வீட்டுச் சங்கதியை வெளியிலே கொண்டுபோகக் கூடாது" என்ற அறிவுரை யாருக்குப் பயன்பட்டு வந்துள்ளது என்பதை விளக்க வேண்டியதில்லை.

3. உடலும் நட்டஈடும்

உடற்காயம் பற்றிய சட்டம் இரு கிளையாக உள்ளது. ஒன்று, உரோமன் - ஒல்லாந்தச் சட்டம் வழிவந்த தீங்கியல் வழக்கு. வாகன விபத்திலோ மருத்துவக் கவலையீனத்திலோ காயமுற்றவர், மற்றவரின் கவலையீனத்தை நிரூபித்து மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோருவது. பொலிசார் தொடரும் குற்றவழக்கு வேறு, இது வேறு. சாரதி தண்டப்பணம் செலுத்தியதனால் காயமுற்றவருக்கு ஒரு சதமும் வந்துசேராது. காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, இவ்வழக்கு 2 ஆண்டுகளுக்குள் இடப்படல் வேண்டும். குற்றவழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இத்தவணையைத் தவறவிட்டோர் பலர்.

இக்கிளையின் அடிப்படை நெடுங்காலம் பணநட்டமாகவே இருந்தது. உழைப்பவர் இறந்தால் அவரில் தங்கியிருந்தோர் இழந்த ஆதரவைப் பணமாகக் கணிக்கலாம். சிறுபிள்ளை இறந்தால்? அது உழைக்கவில்லை, ஆகவே சட்டத்தின் கணக்கில் ஏறத்தாழ நட்டமுமில்லை. பெற்றோரின் துயரத்துக்கும் இழந்த அன்புக்கும் அங்கே இடமிருக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமே உயிரிழப்புக்கான நட்டஈட்டில் அத்தகைய இழப்பையும் ஏற்கச் செய்தது. மனிதரை உழைப்புச் சக்தியாக மட்டும் கண்ட நோக்கு எத்துணைப் பிந்தித் தளர்ந்தது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மற்றக் கிளை தொழிலாளருக்குரியது. பிரித்தானியாவில் 1897இலும் இந்தியாவில் 1923இலும் இயற்றப்பட்ட சட்டங்களின் வழியில், இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் எழுந்தது. 1931இற் சர்வசன வாக்குரிமை வந்தமையும், அக்காலத்துத் தொழிற்சங்க எழுச்சியும் இதன் பின்னணியில் வைத்து நோக்கத்தக்கன. இச்சட்டத்தின் சிறப்பு, முதலாளியின் கவலையீனத்தைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை என்பதே. விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்ததெனக் காட்டினாற் போதும். மதுபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறல் போன்ற காரணங்களை முதலாளி எதிர்வாதமாக முன்வைக்கலாம். உயிரிழப்பு நேர்ந்தவிடத்து அவை செல்லா.

நடைமுறையில் முதலாளிமார் கூறும் பதில்கள் மூன்று. "அவர் நாட்கூலி, எங்கள் ஆளில்லை" என்பது முதலாவது. முதலாளியின் தொழிலுக்காகவே வேலை செய்தவர் நாட்கூலியாயினும் வேலையாளே. "அவரைக் கொண்டுவந்தவர் குத்தகைக்காரர்" என்பது இரண்டாவது. தமது வழக்கமான தொழிலின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட்டவர் தாமும் பொறுப்பாளியே. "காசு வாங்கிக்கொண்டு உரிமை இல்லையென்று கையொப்பமிட்டுவிட்டார்" என்பது மூன்றாவது. இச்சட்டத்தின் உரிமையைத் துறப்பதாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது. உயிரிழப்புக்கான நட்டஈட்டை ஆணையாளரிடமே வைப்பிலிட வேண்டும். மரணவீட்டுச் செலவுக்கென நீட்டப்படும் பணத்தோடு வரும் கடதாசியில் கையொப்பமிடுமுன் குடும்பத்தினர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தேயிலை மலையிற் கொழுந்து பறிக்கும்போது குளவிக்கொட்டுக்கு இலக்காவோர், கட்டடச் சாரத்திலிருந்து விழுவோர், ஆலையில் விரலிழப்போர் ஆகியோர் விபத்தை உடனே மேற்பார்வையாளருக்கு அறிவித்து, வைத்தியசாலைக் குறிப்பிலே வேலைத்தலத்தில் நேர்ந்ததென எழுதுவித்து, உடனிருந்தோரின் பெயர்களைக் குறித்து, தொழிற்சங்கம் வாயிலாகவேனும் நேரேயேனும் ஆணையாளருக்கு விண்ணப்பித்தல் வேண்டும். "கால் வழுக்கி வீட்டில் விழுந்தேன் என்று சொல்" எனக் கூறும் கங்காணியின் சொல்லைக் கேட்டு எழுதப்பட்ட முதற்குறிப்பை, பின்னர் மாற்றுதல் எளிதன்று.

இச்சட்டத்தின் அட்டவணை, இழந்த உறுப்பு ஒவ்வொன்றுக்கும் உழைக்கும் ஆற்றலின் இத்தனை வீதமென வகுத்துள்ளது. கண்ணுக்கு ஒரு வீதம், பெருவிரலுக்கு ஒரு வீதம். அவ்வீதமும் சம்பளத்தோடு பிணைக்கப்பட்டிருத்தலால், ஒரே விரலை இழந்த இருவருள் குறைந்த கூலிக்காரரின் விரல் குறைந்த விலை பெறுகின்றது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்ச நட்டஈட்டை 5,50,000 ரூபாவிலிருந்து 20,00,000 ரூபாவாக உயர்த்தியதோடு, வேலைக்குச் செல்லும், திரும்பும் வழியில் நேரும் விபத்தையும் உட்படுத்தியது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் தன் வள்ளத்தில் தானே கடலுக்குச் செல்லும் மீனவருக்கும், தன் குடும்பத் தோட்டத்திற் கொத்தும் விவசாயிக்கும் முதலாளி என ஒருவர் இல்லை, ஆகவே நட்டஈடுமில்லை. எமது மக்களிற் கணிசமானோர் இச்சட்டத்தின் நிழல் விழாத இடத்திலே நிற்கின்றனர்.

முடிவாக

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மூன்று துறைகளிலும் இழப்பை நிர்ணயிப்பவை எழுத்து, காலம், சான்று ஆகிய மூன்றே எனலாம். வாய்ச்சொல்லை நம்பிய கடனாளி, தவணையை அறியாத காயக்காரர், பற்றுச்சீட்டைப் பேணாத தொழிலாளி ஆகியோர் தம் பக்கம் நியாயமிருந்தும் தோற்கின்றனர். உறுதியைப் படித்தறிந்து கையொப்பமிடுதல், பதிவைச் சரிபார்த்தல், 2 ஆண்டு, 10 ஆண்டு எல்லைகளை மறவாதிருத்தல், நிகழ்ந்ததை நிகழ்ந்தவுடன் எழுதுவித்தல் ஆகியன செலவற்ற பாதுகாப்புகள். வறியோர் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

சட்டம் உடைமை வகுப்பின் கருவி என்று கூறிவிட்டு அமைதி கொள்வோர் எம்மிடையே உளர். அக்கூற்று அடிப்படையில் உண்மையே. ஆனால் 1934ஆம் ஆண்டுச் சட்டமும், 1999ஆம் ஆண்டுச் சட்டமும், காணி அபிவிருத்திச் சட்டத் திருத்தமும் மேலிருந்து வந்த கொடைகளல்ல. தொழிலாளரும் பெண்களும் கேட்டுப் பெற்றவை. பெற்றதை அறியாதிருத்தல் அதனை மீண்டும் இழத்தலுக்குச் சமம். தமிழ்ச்சங்கங்கள் சங்க இலக்கியக் கருத்தரங்கு நடத்தும் அதே மண்டபத்திலே, மாதம் ஒருமுறையேனும் சட்டத்துறை மாணவர் உறுதியொன்றை விரித்து வைத்து ஊராருக்கு விளக்குவாராயின், அதுவும் தமிழ்ப்பணியே. ஏனெனில் அவ்வுறுதி தமிழிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. எழுதிக்கொடுத்தவர்தான் அதனை வாசிக்கவில்லை.